கயிறு பிடித்து நட்ட பாசி

வீரகத்தியரின் மேட்டுக்காணியில் கால்வாசி பாறை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதன் மேல்தான் நடந்தது.

ஓமந்தைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே வண்டிப் பாதையில் நடந்தால் எங்கள் குடியேற்றத் திட்டம் வரும். ஐம்பத்தேழாம் ஆண்டு, குளத்தைத் திருத்தி முடித்த கையோடு, சீட்டுக் குலுக்கிக் காணி கொடுத்தார்கள். வயல் ஒரு பக்கம், வீடு கட்டுகிற மேட்டுக்காணி இன்னொரு பக்கம். வந்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக் கமக்காரர். வீரகத்தியர் புன்னாலைக்கட்டுவன். செம்மண்ணில் புகையிலை வைத்துப் பழகிய கை. எந்தச் செடியைக் கண்டாலும் அதன் அடியைக் கொத்தி மண் அணைக்காமல் தாண்டிப் போகமாட்டார். அப்படிப்பட்டவருக்கு விழுந்த சீட்டில், வீட்டுக்கும் கிணற்றுக்கும் பின்னால், ஒரு கருங்கல் பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

பாறை கிடந்தால் கிடக்கட்டும் என்று விட முடியாது. கொடுத்த காணி முழுவதையும் பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு துண்டு தரிசாகக் கிடந்தாலும் காணி ரத்து. மேட்டுக்காணி ரத்தானால் வீடும் கிணறும் அதோடு போகும். அந்த வீட்டை வீரகத்தியரும் அவர் மனைவி இராசமலரும் தங்கள் கையால் மண் குழைத்துக் கட்டியிருந்தார்கள். ஊரில் இருந்த பங்கைத் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். திரும்பிப் போக இடம் இல்லை.

கமக்காரர் சங்கத்தின் காரியதரிசி என்ற முறையில் இதைப் பற்றி நான் காணி அலுவல் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு எழுதினேன். பாறையின் நீளம், அகலம், உயரம், நிறம் எல்லாம் குறிப்பிட்டிருந்தேன். மறுமொழி ஒழுங்காக வந்தது: ‘தாங்கள் குறிப்பிடும் பாறை எமது வரைபடத்தில் காணப்படவில்லை. ஆகவே அவ்விடத்தைப் பயிரிடுவதற்குத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.’

காடு வெட்டுவதற்கு முன் வரைந்த படம் அது. காட்டுக்குள் போகாமலே வரைந்தது என்று சொல்வாரும் உண்டு.

மார்கழி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், ஓவசியர் கனகலிங்கம் ஒரு கையில் குடையும் மறுகையில் சைக்கிளுமாக வந்து சேர்ந்தார். காணிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவது அவருடைய வேலை. நான் சங்கத்தின் சார்பில் கூடப் போனேன். பாறையடிக்கு வந்ததும் அவர் நின்றார்.

அந்த மாரியில் பாறை முழுக்கப் பாசி. குளத்துப் படியில் வழுக்குகிற பாசி வேறு. இது கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, விரலால் தடவினால் பூனைக்குட்டியின் தலை மாதிரி இருக்கும். கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால் ஒவ்வொன்றும் ஒரு செடி. அதற்கும் தண்டு, இலை எல்லாம் உண்டு. எள்ளின் பாதி உயரம்கூட இராது.

“என்ன வீரகத்தியர், இந்தத் துண்டு இன்னும் தரிசோ?”

“தரிசில்லை ஐயா. பச்சையாய்க் கிடக்கெல்லோ.”

“அது என்ன?”

“பாசி.”

“ஆர் போட்டது?”

வீரகத்தியர் பாறையைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். வீட்டு வாசலில் இராசமலர் சுளகோடு நின்றுகொண்டிருந்தார்.

“நான்தான் ஐயா” என்றார்.

ஓவசியர் புத்தகத்தை விரித்தார். குடையிலிருந்து தண்ணீர் அவருடைய புத்தகத்தில் சொட்டியது. அவர் நல்ல மனிதர், நனைந்த மனிதரும்கூட. ‘பயிர்: பாசி. நிலை: நன்று’ என்று எழுதினார்.

“ஆடியிலை கந்தோரிலையிருந்து பெரியவர் வருவார். அப்பவும் இது இஞ்சை நிக்கவேணும். இல்லையெண்டால் நான் பொய் எழுதினதாய்ப் போயிடும், உமக்குக் காணியும் போயிடும். விளங்குதோ?”

“விளங்குது ஐயா.”

அவர் போனதும் இராசமலர் சுளகைக் கீழே வைத்தார்.

“புகையிலை வைக்கத் தெரியும், வெங்காயம் வைக்கத் தெரியும். பாசியைப் பற்றி என்ன தெரியும் உங்களுக்கு?”

“எல்லாம் பயிர்தானே” என்றார் வீரகத்தியர்.

பொய் சொன்னோமே என்று வருந்துகிற ஆள் இல்லை அவர். சொன்ன பொய்யை உண்மையாக்கி முடிக்கும் வரை நித்திரை கொள்ளாத ஆள். தை பிறந்ததும் வேலையைத் தொடங்கினார்.

பயிர் என்றால் பசளை. ஆட்டுப்பட்டி வைத்திருந்த ஒருவரிடமிருந்து வண்டி நிறைய எரு கொண்டுவந்து, கையாலே உதிர்த்து, கல்லு நீக்கி, பாறை முழுக்கத் தூவினார். எரு காற்றில் பறக்காமல் இருக்க மேலே பூவரசங் குழை பரப்பினார். புகையிலைக்குக் கூட இவ்வளவு மினக்கெட்டிருக்கமாட்டார். பக்கத்து வளவுக்காரர் பரமலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு வேலிக்கு மேலால் பார்ப்பதும் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியாததும் உடன்பிறந்த குணம்.

“வீரகத்தியண்ணை, பாறைக்கு உழவு எப்ப?”

“உன்ரை வாயைக் கட்டி இழுத்தால் இண்டைக்கே உழுது முடிக்கலாம்.”

“இல்லை, கேட்டனான். என்ரை மாடுகளுக்கு இன்னும் கல்லிலை உழுது பழக்கமில்லை.”

“பழக்கு. உனக்கும் ஒருநாள் உதவும்.”

நான் இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன், அன்றைக்கு வீரகத்தியர் அதை விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

மாசி முதல் கிழமையில் பாசி மஞ்சளாகிக் கறுத்துச் செத்தது. குழையை நீக்கிப் பார்த்தபோது பாறை முழுக்கக் கரிச்சட்டியின் அடி போலக் கிடந்தது. வீரகத்தியர் எருவைக் கூட்டி அள்ளினார். ஈர்க்குமாறு பட்ட இடமெல்லாம் எருவோடு பாசியும் வந்தது. மழைத் தண்ணீர் மிச்சத்தையும் கழுவ, அந்த ஊரில் அதுவரை யாரும் கண்டிராத சுத்தத்தோடு பாறை வெளியே வந்தது.

“உலகத்திலை பாசிக்கு எரு போட்ட முதல் மனுசன் நீங்கள்தான்” என்றார் இராசமலர். அதற்குப் பிறகு குசினிக்குள் போய்ச் சத்தம் இல்லாமல் அழுதார். அவர் அழுதது எனக்குத் தெரியும்; நான் அப்போது குசினிக் கதவுக்கு நேரே கிணற்றடியில் நின்றேன்.

மறுநாள் விடியவே வீரகத்தியர் என் வளவுக்கு வந்தார். கையில் கடகம்.

“தம்பி, நாத்து வேணும்.”

“எதுக்கண்ணை நாத்து?”

“பாசிக்கு.”

குளம் நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வான் பாய்கிற இடத்தில், மழை முடிந்த பிறகும் நாட்கணக்காக ஈரம் காயாத கற்கள் இருந்தன. அதில் இதே சாதிப் பாசி. அவர் பெட்டி இழைக்கிற சின்னச் சத்தகக் கத்தியால், வேர் என்று அவர் நினைத்ததற்குச் சேதம் வராமல், நகத்தளவு நகத்தளவாகக் கிளப்பினார். நான் தாமரை இலையில் வைத்துப் பனையோலைக் கடகத்தில் அடுக்கினேன். இடையில் ஒரு நாற்றைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, “இது கொஞ்சம் மெலிவு” என்று எறிந்தார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது.

நடுகைக்கு ஊராரைக் கூப்பிட்டார். ஒருவர் வயலுக்கு மற்றவர் போவது வழக்கம். கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. அன்றைக்கு வந்த பெண்கள் பாறையைப் பார்த்ததும் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார்கள். சிரிப்பை வாய்க்குள் வைத்துக்கொண்டு ஏறினார்கள் என்பதுதான் சரி.

வீரகத்தியர் பாறைக்குக் குறுக்கே கயிறு பிடித்தார். புகையிலைத் தோட்டத்தில் பிடிக்கிற அதே முடிச்சுப் போட்ட கயிறு. முடிச்சுக்கு ஒரு நாற்று. புற்றுமண்ணைக் கூழாகக் கரைத்து விரல் நுனியால் ஒரு தொடுகை, அதன் மேல் பாசி, மேலே மெல்ல ஓர் அழுத்து.

“மச்சாள், களை பிடுங்கவும் கூப்பிடுவியளோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

“அருவி வெட்டுக்கும் வாங்கோ” என்றார் இராசமலர், நெல் அறுவடைக்குக் கூப்பிடுகிற அதே குரலில். “உப்பட்டி கட்டி உங்கடை தலையிலைதான் ஏத்துவன்.”

“அண்ணை, கயிறு எதுக்கு? பாசிதானே, கண்டபடி ஒட்டினால் ஒட்டாதோ?” என்று பரமலிங்கம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

வீரகத்தியர் நிமிர்ந்தார். நிசமாகவே விளங்காத முகம்.

“கயிறு பிடிக்காமல் எப்பிடியடா நடுகிறது?”

மாலையில் பாறை முழுக்க வரிசை வரிசையாகப் பொட்டு வைத்தது போல் இருந்தது. ஒரு வரிசைகூடக் கோணல் இல்லை. சித்திரைச் சிறுமழை பெய்து பாசி கல்லைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கிழமைகளில் வீரகத்தியர் பாறையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்ப்பார்.

வைகாசி பிறந்து வெயில் ஏறியதும் தொல்லை தொடங்கியது. சிறுபோக நெல்லுக்கான கூட்டத்தில், தண்ணீர் பங்கிடுகிற விதானையார் முறைப் பட்டியலை வாசித்து முடித்த பிறகு வீரகத்தியர் எழும்பினார்.

“எனக்கு மேட்டுக்காணிக்கும் ஒரு முறைத் தண்ணி வேணும்.”

“மேட்டுக்காணியிலை என்ன பயிர்?”

“பாசி.”

கூட்டம் சிரித்து முடியும் வரை விதானையார் பொறுத்திருந்தார்.

“வீரகத்தி, வாய்க்கால் பாறையிலை ஏறாது.”

“ஏறாதெண்டு எனக்கும் தெரியும். முறையிலை என்ரை பேரை வாசியுங்கோ. அது காணும். பயிர் செய்யிற ஆள் எண்டு நாலு பேர் கேட்கட்டும்.”

விதானையார் என்னைப் பார்த்தார். சட்டத்தில் இதற்கு மறுப்பு உண்டோ என்று நான் யோசித்தேன். இல்லை. பேர் சேர்ந்தது. அந்த முறை வருகிற நாளில் வீரகத்தியர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போய் நின்றுவிட்டு, தன் நேரம் முடிந்ததும் அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வருவார்.

உண்மையான தண்ணீர் கிணற்றிலிருந்து குடத்தில் போனது. பயிர் வாடுகிற நேரம் மத்தியானம் என்பதால் அவர் மத்தியானத்தில் ஊற்றினார். கல் சுட்டு, தண்ணீர் சுட்டு, கிழக்குப் பக்கத்து வரிசைகள் கீரை அவிந்தது மாதிரி அவிந்தன. ஆகவே நிழல் வேண்டும் என்று முடிவு செய்தார். பாறையைச் சுற்றிக் கம்பு நட இடமில்லை. பழைய மண்ணெண்ணெய்த் தகரங்களில் மண் நிரப்பி அதில் கம்பு நட்டுக் கிடுகுப் பந்தல் போட்டார். கிடுகுத் தூசி பாசியின் மேல் கொட்டியது. அதைத் தடுக்கப் பந்தலுக்குக் கீழே தன்னுடைய வெள்ளை வேட்டிகளை எல்லாம் இழுத்துக் கட்டினார்.

இராசமலர் அன்று வயலில் நின்றார். நின்றிராவிட்டால் அதைக் கட்டவே விட்டிருக்கமாட்டார்; வந்து கண்டு அவிழ்க்கச் சொன்னபோது, வெயில் தணியட்டும் என்று வீரகத்தியர் நாளைக் கடத்தினார். பந்தல் போட்டு உள்ளே வெள்ளை கட்டிய வீட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு என்ன தோன்றும்? கலியாணம் என்றால் வாழை கட்டியிருக்கும், மேளம் கேட்கும். வாழையும் இல்லை, மேளமும் இல்லை.

வைக்கோல் ஏற்ற வந்த ஒரு லொறிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு போனார். புன்னாலைக்கட்டுவன் ஆள். ஊருக்குப் போகிற வழியில் லொறி ஆனையிறவைத் தாண்டுவதற்குள் செய்தியில் ஒரு பிரேதமும் சேர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலைப் பஸ்ஸில் இராசமலரின் சின்னம்மா இலட்சுமி வந்து இறங்கினார். கூட இரண்டு பெண்கள். வாசல் படலையைக் கண்டதும் தலைமயிரை அவிழ்த்துவிட்டார்.

“ஐயோ என்ரை மருமோனே! கல்லும் முள்ளும் கொத்த வந்து கடைசியிலை மண்ணோடை மண்ணாய்ப் போனியோ ராசா! என்ரை பிள்ளையைத் தனிய விட்டிட்டுப் போக உனக்கு எப்பிடி மனம் வந்தது!”

ஊர் கூடிவிட்டது. யாருக்கு என்ன என்று தெரியாமலே வேறு இரண்டு பெண்களும் சேர்ந்து அழுதார்கள். அந்த நேரம் பந்தலுக்குள்ளிருந்து, வேட்டி எல்லாம் மேலே கட்டப்பட்டதால் சாரம் மட்டும் உடுத்தபடி, கையில் குடத்தோடு வீரகத்தியர் வெளியே வந்தார்.

“வாங்கோ மாமி. என்ன இந்த நேரத்திலை?”

சின்னம்மா அவிழ்ந்த தலைமயிரை அள்ளி முடிந்தார்.

“அப்ப ஆர் செத்தது?”

“ஒருத்தரும் சாகேல்லை மாமி. பாசிக்கு வெயில்.”

“ஆருக்கு?”

“பாசிக்கு.”

சின்னம்மா பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். கல்லில் வரிசையாகப் பச்சைப் பொட்டுகள். பிறகு மருமகனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

“பஸ்ஸுக்குள்ளையும் அழுதுகொண்டு வந்தனான். அந்த அழுகைக்கு ஆர் மறுமொழி சொல்றது?”

“இருந்து தேத்தண்ணி குடியுங்கோ சின்னம்மா” என்றார் இராசமலர்.

“இழவு கொண்டாடின வீட்டிலை தேத்தண்ணியோ?” சின்னம்மா நேரே கிணற்றடிக்குப் போய், சேலையோடு தலையில் வார்த்துத் தோய்ந்தார். கூட வந்தவர்களும் தோய்ந்தார்கள். தோய்ந்த ஈரத்தோடு படலையைத் திறந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பிப் பாராமல் நடந்தார்கள். சாவீட்டில் ‘போட்டு வாறன்’ என்று சொல்லக்கூடாது அல்லவா? ஒழுங்கு தவறாத மனுசி.

அதுதான் இராசமலரைச் சுட்டது. “இருக்கிற மனுசனுக்கு முன்னாலை சொல்லாமல் போட்டுதே மனுசி” என்று சொல்லிக்கொண்டே ஏறி வேட்டிகளை அவிழ்த்தார். பந்தலையும் பிரித்தார். “காணி போனால் போகட்டும். உங்களை வைச்சுக்கொண்டு உந்த வெள்ளைக்குக் கீழை ஒரு பொழுதும் இருக்கமாட்டன்.”

வீரகத்தியர் குடத்தைக் கீழே வைத்தார். தகரங்களைத் தூக்கி வேலியோரம் அடுக்கினார்.

அதன் பிறகு பாசிக்குக் காவல் இல்லை. ஆனி முடிவில் கிணறும் அடிமட்டத்துக்குப் போய், குடிக்க மட்டுமே தண்ணீர் என்றானது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று நாளெல்லாம் புழுதியை வாரிக்கொண்டு வந்தது. பாசி சுருண்டு, மடங்கி, கல்லின் நிறத்துக்கே வந்து, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல் போனது. வீரகத்தியர் கதிரையைத் திருப்பி, பாறைக்கு முதுகு காட்டி உட்காரத் தொடங்கினார்.

“கடிதம் எழுதட்டோ அண்ணை? வறட்சியாலை பயிர் அழிஞ்சதெண்டு?”

“பாசி அழிஞ்சதுக்கு வறட்சி நிவாரணமோ தம்பி?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, “தருவாங்களோ?” என்றார்.

தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதவில்லை.

ஆடி மாதம் நடுவில் ஜீப் வந்தது. காணி அதிகாரி ஸ்ரீபன், முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கத்தவர். உயரமான, அவசரப்படாத மனிதர். பின்னால் ஓவசியர் கனகலிங்கம், வாய்க்குள் ஏதோ செபிப்பவர் போல. ஊர் ஆட்களும் கூடினார்கள். பரமலிங்கம் முதல் ஆளாக நின்றார், சுருட்டோடு.

அதிகாரி பாறை மேல் ஏறினார்.

“பயிர் எங்கை?”

“இதுதான் ஐயா” என்றார் வீரகத்தியர்.

“எது?”

“இப்ப நீங்கள் மிதிச்சுக்கொண்டு நிக்கிறது.”

அதிகாரி சப்பாத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, மரியாதைக்காக, வேறு இடத்தில் வைத்தார்.

“இது உயிரோடை இருக்கோ?”

“இருக்கும் ஐயா.”

“இருக்கும் எண்டு எழுதேலாது. இருக்கு, அல்லது இல்லை. ரெண்டிலை ஒண்டு சொல்லுங்கோ.”

வீரகத்தியர் குனிந்து கல்லைத் தடவினார். அந்த நேரம் இராசமலர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என்ன இருந்தாலும் வெயிலுக்குள் வந்த மனிதர். அதிகாரி அண்ணாந்து குடித்தார். மிச்சத்தைச் செம்போடு திருப்பிக் கொடுப்பது அழகில்லை என்று பக்கத்தில் வீசி ஊற்றினார்.

தண்ணீர் கல்லில் ஓடியது. ஓவசியர் முகத்தைத் துடைத்து லேஞ்சியை மடித்து வைப்பதற்குள், அது ஓடிய வழியில் சின்னதாக ஒரு அசைவு. சுருண்டிருந்தது விரிந்தது. மண்ணிறம் போய்ப் பச்சை வந்தது, அதுவும் மார்கழிப் பச்சை.

“கனகலிங்கம், இஞ்சை வாரும்” என்று அதிகாரி மெதுவாகக் கூப்பிட்டார், சத்தம் போட்டால் அது திரும்பச் சுருண்டுவிடும் என்பது போல. இருவரும் குந்தினார்கள். வீரகத்தியரும் குந்தினார். இராசமலர் வெறும் செம்பைப் பிடித்தபடி நின்றார்.

“உயிரிருக்கு” என்றார் அதிகாரி.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் பரமலிங்கம் அங்கே நின்றார்.

“அது ஐயா, தண்ணி பட்டால் எந்தப் பாறையிலும் உப்பிடித்தான். என்ரை வளவுப் பின்பக்கத்துப் பாறையிலும் வடிவாய்க் கிடக்கு. ஆர் நட்டது? தானாய் வாறதுதானே!” என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். வாயில் வந்த பகிடியை விழுங்கிப் பழக்கமில்லை அவருக்கு.

அதிகாரி எழும்பினார். முகம் மாறியிருந்தது.

“தானாய் வந்ததெண்டால் அது காடு. காடு பயிரில்லை. காட்டை வைச்சிருக்கிறதுக்குக் காணி குடுக்கேல்லை.”

ஓவசியர் தன் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். வீரகத்தியர் குந்தியபடியே வீட்டுக் கூரையைப் பார்த்தார். கிழக்குப் பக்கம் இன்னும் வேய்ந்து முடியவில்லை.

“அம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி தாருங்கோ” என்றார் அதிகாரி. குடிக்க அல்ல. குடத்தோடு வாங்கி, பாறையின் உச்சியில் நின்று, எல்லாப் பக்கமும் ஓடும்படி சரித்து ஊற்றினார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம்.

அவிந்துபோன கிழக்கோரம் தவிர, பாறை முழுக்கப் பொட்டுப் பொட்டாகப் பச்சை வந்தது. ஒரு வரிசை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. நூல் பிடித்தது போல், மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, அப்போதும் நேராக. வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் வெறுங்கல்; ஒரு பாசிகூட இல்லை.

“உது என்ன நேராய் நிக்குது?”

“கயிறு பிடிச்சு நட்டது ஐயா.”

“பாசிக்குக் கயிறோ? ஏன்?”

“கயிறு பிடிக்காமல் எப்பிடி ஐயா நடுகிறது?”

அதிகாரி அவரையே பார்த்தார்.

“நடுவுக்குள்ளை ஏன் ஒண்டுமில்லை?”

வீரகத்தியர் தலையைக் குனிந்தார். “அது ஐயா... தையிலை ஆட்டெரு போட்டனான். முதலிருந்த பாசி எல்லாம் செத்துப்போச்சு.”

“கனகலிங்கம், எழுதும்” என்றார் அதிகாரி. “முதலிருந்த காட்டை அழித்து, துப்புரவாக்கி, வரிசைக்கு நடப்பட்டுள்ளது. தானாய் வாறது வரிசையிலை நிக்காது.” ஓவசியரின் பேனை ஓடிய வேகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “விளைச்சல் எப்ப?”

“இன்னும் பாக்கேல்லை ஐயா.”

“இளம் பயிர் எண்டு போடும்.”

இராசமலர் செம்பை நிலத்தில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குசினிப் பக்கம் நடந்தார். இந்த முறை சத்தம் கேட்டது.

அதிகாரி பாறையிலிருந்து இறங்கியவர், படலையடியில் நின்று திரும்பினார்.

“உங்கடை வளவிலும் பாறை இருக்கெண்டு சொன்னது ஆர்?”

பரமலிங்கத்தின் சுருட்டு அணைந்திருந்தது. “சின்னப் பாறை ஐயா. பத்தைக்குப் பின்னாலை.”

“வரைபடத்திலை இல்லையே?”

“இல்லை ஐயா.”

“தானாய் வந்த பாசியோடை?”

பரமலிங்கம் எங்களைப் பார்த்தார். ஒருவரும் உதவவில்லை.

“அப்ப அது காடு” என்றார் அதிகாரி. “வாற மாரி முடியிறதுக்குள்ளை துப்புரவாக்கிப் பயிர் வையுங்கோ. கனகலிங்கம் வந்து பாப்பார்.”

ஜீப் போய்ப் புழுதி அடங்கியது. அன்று பின்னேரம் பரமலிங்கம் வீரகத்தியரின் படலைக்கு வந்தார். வேலிக்கு மேலால் அல்ல, படலையால். கையில் கடகம்.

“அண்ணை, நாத்து கிடைக்குமோ?”

“மழை விழட்டும். வானடிக்கு நானே கூட்டிக்கொண்டு போறன். ஆனால் முதல் ஆட்டெரு போடவேணும்.”

“எரு போட்டால் பாசி சாகுமெல்லோ?”

“சாகவேணும். அப்பதான் நட்டது தெரியும்.” வீரகத்தியர் இப்போது முழுக்க முழுக்கப் பயிர் தெரிந்த மனிதராகப் பேசினார். “எருவுக்கு மேலை குழை. குழைக்குப் பூவரசுதான் நல்லது.”

“பந்தல் போட்டாலும் போடுங்கோ” என்று இராசமலர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “வெள்ளை மட்டும் கட்டிப்போடாதேங்கோ. உங்கடை மாமியார் கண்டாவளையிலையிருந்து வந்து சேர்ந்திடுவா.”

மாரி வந்தது. பரமலிங்கம் எரு போட்டார், பாசியைக் கொன்றார், பாறையைத் துடைத்தார், தைக் கடைசியில் நாற்று நட்டார். நாங்கள் எல்லாரும் போனோம். முன்பு சிரித்த பெண்களும் வந்தார்கள், இந்த முறை சிரிப்பை வாய்க்குள் வைக்கவில்லை. வீரகத்தியர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி நாற்றை அழுத்திவிட்டுப் பரமலிங்கம் முதுகை நிமிர்த்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

“பரமு, அந்த மூண்டாவது வரிசை கோணல்.”

“எங்கை கோணல்? நேராய்த்தானே கிடக்கு!”

“கோணல். கிளப்பு. ஓவசியர் பாத்தால் காடெண்டு எழுதிப்போடுவார்.”

பரமலிங்கம் ஒரு கண்ணை மூடி வரிசையைப் பார்த்தார். பிறகு குந்தி, நகத்தால் ஒவ்வொன்றாகக் கிளப்பத் தொடங்கினார். வீரகத்தியர் தன்னுடைய முடிச்சுக் கயிற்றைச் சுருட்டி வேலிக்கு மேலால் எறிந்தார்.

“பாவிச்சிட்டுத் தா” என்றார். “எனக்கு வெங்காயத்துக்கு வேணும்.”